முகிலனுக்கு, அந்தக் கூடைப்பந்து ஆட்டம் பற்றி

அன்புள்ள முகிலன்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அணியின் மாணவ உதவியாளனாக இருக்கும் உன் அறைத்தோழன், முக்கியமான ஆட்டக்காரர் ஒருவர் பயிற்சியில் நொண்டி நடந்ததாகச் சாப்பாட்டு மேசையில் சொன்னான். அதைக் கேட்ட கையோடு, ஒன்று நடக்குமா நடக்காதா என்பதன் மேல் ஒப்பந்தம் வாங்கி விற்கும் கணிப்புச் சந்தைச் செயலியைத் திறந்து, உங்கள் அணி வெல்லாது என்று ‘இல்லை’ ஒப்பந்தங்களை 41 சென்ட்டுக்கு வாங்கினாய். ஆட்டம் தொடங்குவதற்குள் விலை 55 ஆனதும் விற்றுவிட்டாய். “இது சூதாட்டம் இல்லை மாமா, டிரேடிங்” என்றும் எழுதியிருக்கிறாய்.

சந்தை என்றே வைத்துக்கொள்வோம். கணிப்பு பலித்தால் ஒப்பந்தத்துக்கு ஒரு டாலர், பொய்த்தால் ஒன்றுமில்லை. இடையில் நிற்கும் விலைதான் சந்தை கணிக்கும் வாய்ப்பு; 41 சென்ட் என்றால் 41 சதவீத வாய்ப்பு. சூதாட்ட நிறுவனத்தை எதிர்த்து நீ ஆடவில்லை, இன்னொருவரோடு வாங்கி விற்கிறாய் என்பதும் சரி. எனக்கு உறுத்துவது அந்த இன்னொருவர்தான். 41 சென்ட்டுக்கு உன்னோடு ஒப்பந்தம் போட்டவருக்குக் காயம் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த விலைக்கு வந்திருப்பாரா? உன் லாபத்தில் திறமை எங்கே இருக்கிறது, சொல்.

சட்டம் அனுமதிக்கிறது என்பாய். நீ இருக்கும் வட கரோலினாவில் 2024 மார்ச் முதல் இணையத்தில் விளையாட்டுப் பந்தயம் கட்டலாம், ஆனால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். உனக்கு 20. கால்ஷி போன்ற கணிப்புச் சந்தைகள் மாநிலத்தின் பந்தய உரிமத்தில் நடப்பவை அல்ல. எதிர்கால ஒப்பந்த வணிகத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அரசின் சி.எஃப்.டி.சி. ஆணையத்தின்கீழ் நடக்கின்றன. அதனால் அங்கே 18 போதும். மாநில உரிமம் இல்லாமல் இப்படி நடப்பதை நெவாடா, நியூ ஜெர்சி மாநிலங்கள் எதிர்த்து வழக்காடுகின்றன. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கர், பாதுகாப்பு ஏற்பாடுகள் வரும்வரை கல்லூரி ஆட்டங்கள் மீதான இந்த வணிகத்தை நிறுத்திவைக்குமாறு 2026 ஜனவரியில் அந்த ஆணையத்துக்கே எழுதினார். அவர் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். தொழில்முறை ஆட்டக்காரரின் காயம் மருத்துவர், முகவர், நிர்வாகம் என்ற வேலிக்குள் இருக்கும். கல்லூரி ஆட்டக்காரன் உன்னோடு வரிசையில் நின்று தட்டு எடுக்கிறான். அவன் முழங்கால் வீங்கியிருப்பது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இதில் உன்னைவிட அதிகமாக மாட்டிக்கொள்ளக்கூடியவன் உன் அறைத்தோழன். என்.சி.ஏ.ஏ. விதி ஆட்டக்காரர்களும் அணியில் வேலை செய்பவர்களும் பந்தயம் கட்டுவதை மட்டும் தடுக்கவில்லை, பந்தயம் கட்டுகிறவர்களுக்குத் தகவல் கொடுப்பதையும் தடுக்கிறது. நண்பனிடம் பேசுவதாக நினைத்துப் பேசினான். நாளை யாராவது கேட்டால், பந்தயக்காரனுக்குத் துப்புக் கொடுத்தவன் என்ற பெயர் அவனுக்குத்தான் வரும். அந்த ஆட்டக்காரரை நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை. பணத்தை விட்டவர்கள் கல்லூரிப் பிள்ளைகளின் கைப்பேசிக்கே வசைகளும் மிரட்டல்களும் அனுப்புகிறார்கள். அவர் வலியோடு ஆடப்போன இரவில் அந்த வலியை வைத்தே பணம் பார்த்தவன் என் அக்கா மகன்.

சனிக்கிழமை அடுத்த ஆட்டம். அதற்கு முன் அந்தச் செயலியிலுள்ள கணக்கை மூடு. அவன் சொன்னதை வைத்துப் பணம் பார்த்ததை அவனிடமே சொல்லிவிடு, கோபப்பட்டால் படட்டும். பயிற்சியில் என்ன நடந்தது என்று இனி அவனிடம் கேட்காதே. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, நீயே சொல்.

அன்புடன்,
மாமா