பெரியகடையில் மிஞ்சியதையாவது பட்டியலிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாண நகரில் மிஞ்சியிருக்கும் பழைய கடைக் கட்டடங்களில் ஒன்றையாவது மாநகர சபை உள்ளூர் மரபுரிமைச் சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். என் மனதில் ஒரு கட்டடம் இருக்கிறது. காங்கேசன்துறை வீதியில், வண்ணார்பண்ணைப் பக்கமாக உள்ள மேல்மாடிக் கடை அது. கதவிலக்கத்தை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் உரிமையாளர் அடுத்த கிழமையே ஜேசிபியைக் கூப்பிட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அது ஒன்றும் அரண்மனை அல்ல. கீழே கடை, மேலே சரக்கு வைக்கும் இடமும் கணக்கப்பிள்ளை இருந்து எழுதிய சிறிய அறையும். முன் விறாந்தையில் உருண்டைத் தூண்கள். சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல். உள்ளே பனந்தீராந்தி, கூரைக்கு ஓடு. கடையைப் பூட்டும்போது ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு போகும் பலகைக் கதவு. எந்தப் பலகை எந்த இடத்துக்கு என்று இலக்கம் வெட்டியிருக்கிறது. வீதிப் பக்கம் ஒடுக்கம், பின்னால் போகப்போக நீளம். கடை முடிந்தால் சரக்கு அடுக்கும் கிட்டங்கி, கிட்டங்கி முடிந்தால் முற்றம், முற்றத்தில் கிணறு. சித்திரை வெய்யிலில் உள்ளே போய் நின்றாலும் உடம்பு வியர்க்காது. எதிரே எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் மின்சாரம் போனால் எல்லோரும் வெளியே ஓடி வர வேண்டியதுதான்.

கட்டட வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சுவர்கள் தாமாகப் பழுதாவது குறைவு. நாங்கள்தான் பழுதாக்குகிறோம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் சீமெந்தைப் பூசி, அதற்கும் மேலே பளபளப்பான பெயின்ற் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளுக்குள் உப்புப் பூத்து, பூச்சுப் பொருமி, கடைசியில் கல்லோடு சேர்ந்து உதிரும். அப்புறம் ஒருவர் வந்து பார்த்துவிட்டு 'பழைய சுவர், பலமில்லை, இடிக்கலாம்' என்று எழுதிக் கொடுப்பார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பிறகு பிறந்த மேசன்மாரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மரபுரிமை என்ற பேச்சு வந்தால் எங்கள் ஊரில் கோட்டை, நூலகம், நல்லூர், மந்திரி மனை, மணிக்கூட்டுக் கோபுரம் என்று போகும். அரசன் கட்டியது, ஒல்லாந்தன் கட்டியது, கடவுளுக்குக் கட்டியது எல்லாம் வரலாறு. வியாபாரி கட்டியது மட்டும் வெறும் காணி! திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய ஊர் இது. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுதாகத் திறக்கப்பட்ட பிறகு சுருட்டும் வெங்காயமும் தெற்கே போக, தெற்கிலிருந்து சரக்கு வந்து இறங்கிய ஊர். மலேயாவில் உழைத்தவர்கள் அனுப்பிய காசு கைமாறியது நகரின் பழைய கடைத்தெருவான இந்தப் பெரியகடையிலும் கஸ்தூரியார் வீதியிலும்தான். பிள்ளைகள் படித்ததும் கோயில்களுக்குத் தேர் செய்ததும் பெரும்பாலும் இந்தப் பணத்தில். அதைச் சொல்ல இன்று என்ன கட்டடம் இருக்கிறது?

அதிகம் இல்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய தீவைப்பை நாங்கள் நூலகத்தை வைத்தே நினைவுகொள்கிறோம், அது நியாயமும்கூட. ஆனால் அந்த நாட்களில் சந்தைப் பகுதிக் கடைகளும் எரிந்தன, ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. பிறகு 1987, 1990, 1995 என்று போர். கோட்டையைச் சுற்றியிருந்த நகரம் எப்படி இருந்தது என்பதை இப்போது பழைய படங்களில்தான் பார்க்கலாம். இத்தனைக்கும் தப்பிய கட்டடங்களை 2009க்குப் பிறகு நாங்களே, எங்கள் காசில், எங்கள் விருப்பத்துக்கு இடித்துக்கொண்டிருக்கிறோம். ஷெல்லுக்கு ஒரு காரணம் இருந்தது. இதற்கு அலுமினியத் தகடு ஒட்டிய முகப்பு வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே பலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியகடையின் வரலாறு தமிழ் வியாபாரிகளின் வரலாறு மட்டுமல்ல. இரும்புக்கடை, நகைக்கடை, புடவைக்கடை என்று எத்தனையோ கடைகளை நடத்தியவர்கள் சோனகதெரு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லி அவர்களைத் துரத்தியது யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டடத்தைச் சின்னமாக அறிவித்து, வாசலில் பலகை வைத்து, அதில் 'பழம்பெரும் வர்த்தக நிலையம்' என்று மட்டும் எழுதப்போகிறோம் என்றால் அந்தப் பலகையே வேண்டாம். யார் கட்டினார், யார் வாடகைக்கு இருந்தார், யார் எப்போது ஏன் போனார் என்று அதில் இருக்க வேண்டும். காணி உறுதிகளும் சபைக்குக் கட்டும் சோலைவரியின் (ஆதன வரி) பதிவேடுகளும் இருக்கும்வரை இதைத் தேடி எழுதுவது பெரிய வேலையல்ல.

சரி, அறிவிப்பது யார்? தொல்லியல் திணைக்களத்திடம் கொடுக்கலாமே என்பார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்தியதையே இயல்பாகப் பழைய சின்னமாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிந்திய ஒன்றைச் சேர்க்க அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை பிறப்பிக்க வேண்டும். சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கிவிட்டால் பக்கத்துக் காணியில் கட்டுவதற்கும் கட்டுப்பாடு போட அந்தச் சட்டத்தில் இடமுண்டு. கடைத்தெருவில் யார் இதற்குச் சம்மதிப்பார்கள்? அதைவிட, வடக்கிலும் கிழக்கிலும் அந்தத் திணைக்களத்தின் பலகை நடப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதைப் பார்த்த சனங்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே காணி போய்விடும் என்று வேலியை இறுக்கிக் கட்டுவார்கள். அந்தப் பயத்தை வெறும் வதந்தி என்று நான் தள்ளமாட்டேன். மறுபக்கம், வர்த்தமானியில் ஏறினால் மட்டும் கட்டடம் பிழைத்துவிடாது என்பதற்கு சிதைந்து நிற்கும் மந்திரி மனையைப் போய்ப் பார்த்தால் போதும்.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், நாடாளுமன்றம் தேசிய முக்கியத்துவமுடையவை என்று அறிவித்தவை தவிர்ந்த வரலாற்றுச் சின்னங்களில் மாகாணத்துக்கும் பங்கு கொடுத்திருக்கிறது. ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு தேர்தலே இல்லை. ஆகவே மிஞ்சுவது மாநகர சபைதான். 2025 மே மாதம் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபை. உபவிதி இயற்றும் அதிகாரம் அதற்கு உண்டு, புதுக் கட்டட வரைபடங்கள் அதன் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். தூரத்திலிருந்து ஒருவர் வந்து பலகை நடுவதற்கு முன் எங்கள் பட்டியலை நாங்களே போட்டு வைத்திருப்பது எல்லா வகையிலும் புத்தி.

இப்போது உரிமையாளர் கதைக்கு வருகிறேன். இந்தக் கட்டடங்களில் பலவற்றுக்கு ஒரு உரிமையாளர் என்று யாரும் இல்லை. பாட்டன் காலத்து உறுதி, பிரிபடாத பங்குகள். ஒரு பங்கு ரொறன்ரோவில், இன்னொன்று லண்டனில், மூன்றாவது பங்குக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்றே மற்ற இருவருக்கும் தெரியாது. ஒருவர் தன் பங்கை விற்கப் போனால் எங்கள் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளைக் கேட்க வேண்டும். ஊரில் இருப்பவர் அற்றோணித் தத்துவத்தோடு (அவர்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) ஓடித் திரிகிற ஒரு மருமகன். கீழே 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்போடு பழைய வாடகைக்காரர் இருந்தால், அவர் கொடுக்கும் காசு ஓடு மாற்றவும் காணாது. இந்த நிலையில் ஒரு நாள் காலையில் சபையிலிருந்து கடிதம் வந்து 'உங்கள் கட்டடம் இனி மரபுரிமைச் சின்னம், கை வைக்காதீர்கள்' என்றால் மனுசன் என்ன செய்வார்? கூரையில் இரண்டு ஓட்டைக் கழற்றி விட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். மிச்சத்தை மாரி பார்த்துக்கொள்ளும்.

அதனால் வெறும் அறிவிப்பு வேண்டாம். அறிவிக்கப்பட்ட கட்டடத்துக்குச் சோலைவரியில் சலுகை கொடுங்கள். இப்போதைய சட்டத்தில் இடமில்லையென்றால் கேட்டுப் பெறுங்கள். பின்காணியில், கிட்டங்கி இருந்த இடத்தில், முன்பக்கத்தைவிட உயரமாகத் தெரியாத அளவுக்குப் புதிதாகக் கட்ட அனுமதியுங்கள். முகப்பை மட்டும் வைத்துவிட்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவது எனக்கு உவப்பானதல்ல, ஆனாலும் முழுதாக இழப்பதற்கு இது பரவாயில்லை. சுண்ணாம்பு வேலைக்கு ஆள் தேடிக் கொடுப்பதும் சபையின் பொறுப்பாக இருக்கட்டும்.

வாடகைக்காரரையும் மறக்கக்கூடாது. எங்கள் ஆட்கள் பலர் வாழ்ந்த மலேசியாவின் பினாங்கில், ஜோர்ஜ்டவுன் கடைவீடுகள் 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது, தலைமுறையாக அங்கே தொழில் செய்த பலர் வெளியேற வேண்டி வந்தது. பட்டியலில் ஏறிய தெருவில் கட்டடம் இருந்தது, அதில் தொழில் செய்த ஆட்களில் பலர் இல்லை. கொழும்பில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். கூரையும் முற்றமும் பிழைத்தன, நல்ல வேலைதான். ஆனால் பெரியகடையில் மல்லி, மிளகாய் நிறுத்துக் கொடுக்கும் கடைக்குப் பதிலாக வெளிநாட்டுக்காரருக்குக் கோப்பி ஊற்றும் கடை மட்டும் வருமென்றால் எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை.

இவ்வளவும் நடக்க வருடங்கள் எடுக்கும் என்று தெரியும். அதுவரை ஒரு சின்ன வேலையை அடுத்த மாதமே தொடங்கலாம், சட்டத் திருத்தமும் அதிகம் வேண்டியதில்லை. புதுக் கட்டடத்துக்கு விண்ணப்பிக்கும்போது நில அளவைப் படம், உறுதிப் பிரதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாம் கேட்கிறீர்கள். அவற்றோடு, இடிக்கப்போகும் பழைய கட்டடத்தின் அளவெடுத்த வரைபடத்தையும் நான்கு பக்கப் படங்களையும் கேளுங்கள். அது வராமல் கோப்பு நகரக்கூடாது. வரைவதற்கு ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். வரைபலகையும் அளவுநாடாவும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. கூலி வேண்டாம், ஏணி பிடிக்க ஓர் இளந்தாரியைத் தந்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.