கண் பட்டும் காணாமல் போவது

அன்பு மகள் கயலுக்கு,

ஸ்கேன் படம் படிக்கப் பழக ஆரம்பித்திருக்கிறாய். நோயின் அடையாளங்களை உன் ஆசிரியர்கள் சொல்லித்தருவார்கள். கவனத்தைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்ததில் உனக்கு இப்போதே உதவுவதை எழுதுகிறேன்.

கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் பரப்பு ஏறக்குறைய 2 பாகைதான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அதனால்தான் பார்வை நொடிக்கு 3, 4 முறை தாவுகிறது. பார்வை ஓரிடத்தில் நின்றால் கவனமும் அங்கே நின்றது என்று நம்பிவிடாதே. ட்ரூ, வோ, வுல்ஃப் என்ற ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 24 கதிரியக்க மருத்துவர்கள் நுரையீரல் சிடி படங்களில் நோடியூல் எனப்படும் சிறு கட்டிகளைத் தேடினார்கள். ஒரு தொகுப்பில், சராசரி நோடியூலைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றை ஆய்வாளர்கள் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களில் 12 பேரின் பார்வை கொரில்லா மேலேயே பட்டிருந்தது! இதை அசட்டை என்று சொல்ல மாட்டேன். வெளிறிய சிறு உருண்டையைத் தேடும் மனம் அதற்கு ஒத்துவராததை ஒதுக்கிவிடுகிறது.

ஆகவே ஸ்கேனுக்கு அனுப்பிய மருத்துவர் கேட்ட கேள்விக்கு விடை தேடி முடித்தபின், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு இன்னொரு சுற்று வா. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே உறுப்பு. எலும்பைப் பார்க்கும்போது எலும்புக்கான விண்டோவுக்கு, அதாவது எலும்பு தெளிவாகத் தெரியும் வெளிச்ச அமைப்புக்கு, மாறிவிடு. நடுவில் ஒன்று அகப்பட்டால் குறித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டால் பக்கத்திலிருக்கும் இரண்டாவது எளிதில் தவறிப்போகிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது அரிதாக வரும் நோய். வுல்ஃபும் சகாக்களும் 2005இல் சாதாரண ஆட்களைப் படங்களில் பொருள் தேட வைத்தார்கள். பாதிப் படங்களில் பொருள் இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். ‘இல்லை’ என்றே சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் அதையே சீக்கிரம் சொல்லிவிடுகிறார்கள். ‘கவனமாக இரு’ என்று எச்சரிப்பதால் இது பெரிதாக மாறாது. நோய் அடிக்கடி வரும் படங்களை, விடை உடனே தெரியும்படி, இடையிடையே சிறிது நேரம் பார்ப்பது ஆய்வகத்தில் பலன் தந்திருக்கிறது. விடை தெரிந்த பழைய படங்களின் தொகுப்பு உங்கள் துறையில் இருக்கிறதா என்று கேள். அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுக்கும் ஸ்க்ரீனிங் படங்களுக்கு உட்காரும் முன் அதில் கொஞ்சம் பார்த்துவிடு.

அன்புடன்,
அம்மா