12 வோல்ட் தானே என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் முழுக்க எல்.ஈ.டி. பட்டி விளக்கு கட்டினார்கள். தூறலுக்குப் பயந்து அடாப்டரை சொப்பிங் பேக்கில் சுற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். இரவு பத்து மணிக்குக் கருகல் வாடை. போய்ப் பார்த்தால் பேக் உருகி அடாப்டரோடு ஒட்டிக்கிடந்தது. பக்கத்திலேயே கடதாசித் தோரணம்!

இந்தப் பட்டி எரிவது 12 வோல்ட்டில், அது ஆளை அடிக்காது என்கிறார்கள். ஆனால் அதை 12 ஆகக் குறைத்துத் தரும் அடாப்டருக்குள் போவது 230 வோல்ட். அடாப்டரை நனையவும் விடக்கூடாது, காற்றுப் புகாமல் மூடவும் கூடாது. கூரைக்குக் கீழே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அதே வாட்டுக்கு வோல்ட் குறைந்தால் அம்பியர், அதாவது வயரில் ஓடும் மின்னோட்டம், கூடும். மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் பட்டியில் 5 மீட்டர் என்றால் 72 வாட், அதாவது 6 அம்பியர். மெல்லிய வயர் அதில் சூடேறும். அடாப்டர் 90 வாட்டாவது இருக்கட்டும். மிச்சப் பட்டியைச் சுருளாக வைத்து எரியவிடவும் கூடாது.

நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் பட்டிகளும் கடைகளில் விற்கிறார்கள். வாங்கும்போது எத்தனை வோல்ட் என்று கேட்டுப் பாருங்கள்.

வீடுகள் ஒட்டி வரிசையாக இருக்கும் லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அடுத்தடுத்த காம்பராக்களும் போய்விடும். தீபாவளிக்கு முன்பே கோயில் கமிட்டிகளும் தோட்ட நிர்வாகங்களும் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்து, பந்தல் வயரிங்கைத் தெரிந்த மின் வேலைக்காரரிடமே கொடுக்க வேண்டும்.

தோட்டத்து வாசகர் ஒருவர்,
ஹட்டன்.