பெயர்ப் பத்தி இல்லாத நோட்டு

நியூயார்க்

அன்புள்ள சந்திரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து காலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. வாடகை சைக்கிளில் போகிறவர்களின் விருப்பத்தை வெறும் எண்களிலிருந்து எப்படி ஊகிக்க முடியும் என்று கேட்டிருக்கிறாய். ஓய்வு பெற்றபின் என் மாலைப்பொழுது அதிலேதான் கழிகிறது.

ஒரு நிறுத்தத்தில் சைக்கிளை எடுத்து இன்னொரு நிறுத்தத்தில் விடும் வாடகை சைக்கிள் ஏற்பாடாக இங்கே 2013 மே மாதம் தொடங்கிய சிட்டி பைக் திட்டம், ஒவ்வொரு சவாரியும் எந்த நிறுத்தத்தில் எப்போது தொடங்கி எங்கே எப்போது முடிந்தது என்பதை, ஆள் யாரென்று சொல்லாமல் மாதந்தோறும் வெளியிடுகிறது. நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் பெயரும் மணியும் குறித்துவைத்த நோட்டில் பெயர்ப் பத்தியைக் கிழித்துவிட்டால் எஞ்சுவது எதுவோ, அதுதான் இது. வார நாளில் காலை எட்டரைக்கு கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே எடுத்து, பத்து நிமிடத்தில் அலுவலகப் பகுதியில் விட்டவர் ரயிலிலிருந்து இறங்கிய ஊழியராக இருக்கலாம். ஞாயிறு பிற்பகல் சென்ட்ரல் பார்க்கின் தெற்கு ஓரத்தில் எடுத்து, வெகுநேரம் கழித்து அங்கேயே விட்டவர் பெரும்பாலும் ஊர் பார்க்க வந்தவர். முன்பு பிறந்த ஆண்டும் தந்தார்கள். பயனர்களே நிரப்பியது என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தவர்களும் அதில் சைக்கிள் மிதித்தார்கள்!

எடுத்த இடத்திலேயே இரண்டு நிமிடத்தில் முடிந்த சவாரிகளை, மனம் மாறியவர்கள் என்று முதலில் எழுதிவைத்திருந்தேன். என் மகள்தான் சிரித்துக்கொண்டே திருத்தினாள். வண்டி சரியில்லை என்று தெரிந்தால் திரும்ப மாட்டிவிட்டு, அடுத்தவர் ஏமாறாமலிருக்க இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டுப் போவது இங்குள்ளவர்களின் வழக்கமாம். அந்தத் திருப்பிய இருக்கை எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், நடக்காத சவாரி. ஈஸ்ட் வில்லேஜ் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் காலையில் நிறுத்தங்கள் காலியாகிவிடும். அதன்பின் வருபவர் இரண்டு தெரு தள்ளி நடந்து வேறு நிறுத்தத்தில் எடுத்தால், அவருக்குப் பிடித்த இடம் அதுதான் என்று பதிவு சொல்லும், அலுத்துப்போய் ரயிலேறிவிட்டாலோ அவர் பதிவிலேயே இல்லை. போதாததற்கு, நிரம்பிய நிறுத்தத்திலிருந்து காலியான நிறுத்தத்துக்கு வண்டியைக் கொண்டுசேர்ப்பவர்களுக்கு 'பைக் ஏஞ்சல்ஸ்' என்ற பெயரில் புள்ளிகள் தருகிறார்கள். புள்ளிக்காக மிதித்தவரையும் வேலைக்குப் போனவரையும் நான் எப்படிப் பிரிப்பது?

ஒரு வழி தோன்றுகிறது. எந்த நிறுத்தத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்ற உடனடித் தகவலும் பொதுவில் கிடைப்பதால், வண்டி இருந்த நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கணக்கிட்டு, காலியாக இருந்த நேரத்துக்கும் அதே விகிதத்தைப் பொருத்திப் பார்க்கலாமா? அடுத்தடுத்த நிமிடங்கள் ஒன்றுபோல இருக்காது என்பதால் அரைமணி அரைமணியாகப் பிரிக்க நினைக்கிறேன். முப்பது வருடம் புள்ளியியல் நடத்தியவன் நீ. இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராகவன்