இருக்கைத் தண்டு திரும்பாத சைக்கிளை வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் தோட்டப்புற இளைஞர்கள் 1980, 90களின் மலைச் சைக்கிள்களைத் தேடிப் புதுப்பிப்பது மகிழ்ச்சி. ஆனால் அடுத்து எதை எடுப்பது என்பதை பிராண்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் இருக்கைத் தண்டின் போல்ட்டைத் தளர்த்தி சீட்டைத் திருப்பிப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலும் இரும்புக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு. நம் ஊர் மழை உள்ளே இறங்கினால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். குழாயின் வாயோரம் வெள்ளைப் பொடி தெரிந்தால் உஷார். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு முறுக்கித்தான் எடுக்க வேண்டும், இழுத்தால் வராது. அதற்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் அறுப்பதுதான் வழி. அந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

பெடல் அச்சுக் கூட்டின் அடியையும் விரலால் அழுத்துங்கள். துரு அங்குதான் உள்ளிருந்து தின்னும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எலாஸ்டோமர் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் போன்ற துண்டு) இருந்தால் பெரும்பாலும் பொடிந்திருக்கும். ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கே மேல். பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் சங்கிலிப் பக்கக் குழாயின் அடியில் யூ-பிரேக் (யூ வடிவப் பழைய பிரேக்) உள்ளவற்றைத் தவிர்க்கலாம்: சேறு அடையும், பின்னாளில் வந்த வி-பிரேக்கும் அங்கே பொருந்தாது. 26 அங்குல டயர் இன்னும் கிடைக்கிறது, அந்தக் கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சைக்கிள் ஆர்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்