முகாமுக்கு முன்பே நிறுவனப் பட்டியலை வெளியிடுங்கள்

ஆசிரியருக்கு,

ராமநாதபுரத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடந்தால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குப் பணி ஆணை கிடைத்தது என்று மறுநாள் செய்தி வருகிறது. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி பக்கமிருந்து போன பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்பது அதில் வராது. கேள்வி கடினம் என்பதால் சறுக்குகிறவர்கள் குறைவு. மேசைக்கு முன் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில்தான் பாதி காரியம் கெடுகிறது.

முதல் வில்லங்கம் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் கார்டில் வேறு எழுத்துக்கூட்டல். வேலை கிடைத்தாலும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கும்போது இது இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்து ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு 2 முறைதான் மாற்ற விடுவார்கள். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.

உப்புக் காற்றில் நைந்துவிடும் என்று அசல் சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். வளைகுடா வேலைக்குச் சான்றொப்பம் வாங்கும்போது அதன் பின்பக்கம்தான் முத்திரை குத்துவார்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை போதும். அசலைக் காட்டலாம், யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. நகல் 3 செட் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்'. 'மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன், மை ஹாபி இஸ் பிளேயிங் கிரிக்கெட்' என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். நடுவில் ஒரு சொல் நழுவினால் அப்படியே நிற்கிறார்கள். ஒரு நிமிடம் பேசினால் போதும்: என்ன படித்தேன், கையால் என்ன வேலை செய்திருக்கிறேன், இந்த வேலைக்கு ஏன் வந்தேன். ஆங்கிலம் திணறினால் தமிழில் சொல்லட்டுமா என்று கேட்பதில் குற்றமில்லை.

அந்தக் கைவேலை அனுபவத்தைத்தான் நம் பிள்ளைகள் மறைக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, லீவு நாளில் விசைப்படகில் எஞ்சின் பார்த்த பையன், 'முன்அனுபவம் இல்லை' என்று எழுதுகிறான். டீசல் லைனில் காற்றுப் பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், 'ஃபில்டரின் பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடிப்பேன். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குவேன்' என்று அவனால் சொல்ல முடியும். புத்தகம் மட்டும் படித்தவனால் அவ்வளவு சட்டென்று சொல்ல முடியாது. நண்டுக் கம்பெனியில் எடை நோட்டு எழுதி, முன்பணம் கழித்துக் கணக்கு முடித்த பி.காம். பெண்ணுக்கும் இதே கதைதான்.

சம்பளத்தில் ஏமாறுவதும் அதிகம். மொத்தச் சம்பளம் 16,000, அதில் அடிப்படை 10,000 என்றால் அடிப்படையில் பி.எஃப். 12 சதவீதம் 1,200, மொத்தத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம் 120 போகும், கைக்கு 14,680. சென்னை பக்கம் ஒரகடத்தில் வேலை என்றால் அறை வாடகை, சாப்பாடு அதிலிருந்துதான். சி.டி.சி. (ஓர் ஆளுக்கு நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று சொன்னால் முதலாளி கட்டும் பி.எஃப். பங்கும் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும். 'கைக்கு எவ்வளவு, தங்குமிடம் உண்டா' என்று கேட்டு விடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மதுரையில் காலை 9 மணிக்கு நேர்காணல் என்றால் ராமேஸ்வரம் தீவுக்காரர்கள் முதல் நாளே போய்விடுவது நல்லது. காற்று வலுத்தால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். சட்டை, ஷூ பற்றி யூடியூபில் வேண்டிய மட்டும் சொல்லியாயிற்று.

இத்தனைக்கும் தயாராக, போகிற இடம் எதுவென்று முதலில் தெரிய வேண்டுமே. பல அறிவிப்புகளில் நாளும் இடமும் மட்டும் இருக்கின்றன. வரும் நிறுவனம், பணியின் பெயர், பணியிடம், பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் ஆகிய நான்கையும் பட்டியலாக முகாமுக்கு ஒரு வாரம் முன்பே அமைப்பாளர்கள் தர வேண்டும். தங்கள் நாளிதழும் அதைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும்.

– வேலைவாய்ப்புப் பயிற்சியாளர்கள் சிலர், உச்சிப்புளி