கடலரிப்புச் செய்தியில் மணலைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கடலரிப்புச் செய்தியைப் படித்தேன். இடிந்த வீடுகள், வேர் தெரியச் சாய்ந்த தென்னைகள், தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) கேட்டு மறியலில் உட்கார்ந்த மக்கள் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். வீட்டை இழந்தவர்களின் வேதனையை மறைக்காமல் போட்டதற்கு நன்றி. ஆனால் காரணம் என்று வரும்போது "கடல் சீற்றம்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடல் சீறுவது புதிதா என்ன? நம் தாத்தா காலத்திலும் சீறியது. அப்போது நின்ற கரை இப்போது ஏன் நிற்கவில்லை? அதற்கான பதில் அலையைவிட மணலில்தான் அதிகம் இருக்கிறது. செய்தியில் மணலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் எழுதுகிறேன்.

நம் கரையில் கிடக்கும் மணலில் பெரும்பகுதி மலையிலிருந்து வந்தது. பாறை வெயிலிலும் மழையிலும் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்கிறது. அதிலுள்ள கனிமங்கள் பலவும் மக்கிக் களிமண்ணாகப் போக, குவார்ட்ஸ் மட்டும் மக்காமல் மணிமணியாக உதிர்கிறது. அதைக் காவிரியும் தென்பெண்ணையும் பாலாறும் வெள்ளக் காலத்தில் உருட்டிக்கொண்டு வந்து முகத்துவாரத்தில் சேர்க்கின்றன. கரை மணலை ஒரு கைப்பிடி அள்ளி வெயிலில் பாருங்கள். வெள்ளையாகக் குவார்ட்ஸ், இளஞ்சிவப்பாகக் கார்னெட், கறுப்பாக இல்மனைட், எல்லாம் கலந்திருக்கும். பெரிய அலை அடித்த மறுநாள் கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கோடுகள் தெரிவதும் இதனால்தான். எடை குறைந்த வெள்ளை மணலை அலை வாரிக்கொண்டு போய்விடும், கனமானது அங்கேயே தங்கிவிடும். அலை எவ்வளவு மும்முரமாக மணலை வாரியிருக்கிறது என்பதற்கு அந்தக் கோடுகளே அடையாளம்.

வாரிய மணல் தொலைந்துபோவதில்லை. மழைக்காலத்தின் முரட்டு அலை பறித்த மணல், கரையிலிருந்து சற்றுத் தள்ளி நீருக்கடியில் திட்டாகக் கிடக்கும். அடுத்து வரும் அலைகள் அந்தத் திட்டில் முட்டி முன்கூட்டியே உடைந்துவிடுவதால், எடுத்துப்போன மணலே மிச்சக் கரையைக் காக்கிறது. தை பிறந்து கடல் அடங்கியதும் சிற்றலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். படகு ஏற்றும் இடம் கார்த்திகையில் குறுகிப் பங்குனியில் அகலும் என்பது கடலோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இது கரைக்கும் கடலுக்கும் இடையிலான போக்குவரத்து. கரையோரமாகவே இன்னொன்று நடக்கிறது. அலை கரைக்கு நேராக வருவதில்லை. சாய்வாக ஏறி, நேராக வழிகிறது. ஒவ்வொரு முறையும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஆடி மாதத்தில் அலை உடையும் இடத்தில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுப் பாருங்கள், வடக்கே போகும். மார்கழியில் போட்டால் தெற்கே போகும். சோழமண்டலக் கரையில் தெற்கிலிருந்து அலை வரும் மாதங்களே அதிகம் என்பதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். கரையை ஒட்டி ஓடும் மணல் ஆறு என்றே இதைச் சொல்லலாம். அந்த ஆற்றுக்குக் குறுக்கே கடலுக்குள் கல்லைப் போட்டால் என்ன ஆகும்? தெற்கே குவியும், வடக்கே பஞ்சம் வரும்.

சென்னையே இதற்கு நூற்றைம்பது ஆண்டு சாட்சி. துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன்னால் அலை புனித ஜார்ஜ் கோட்டையின் பக்கத்திலேயே வந்து அடித்துக்கொண்டிருந்தது. அலைதடுப்புச் சுவர் எழுந்ததும் தெற்கே மணல் சேரத் தொடங்கியது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். இன்று 300 மீட்டருக்கும் மேல் அகலமாகக் கிடக்கும் அந்த மணல்வெளியைப் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். சரி, பெருமைப்படலாம். ஆனால் அந்த மணல் வடக்கே ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் போயிருக்க வேண்டியது. அங்கே தெருத் தெருவாகக் கடலுக்குள் போய், இப்போது கரை முழுக்கக் கருங்கல்தான். மெரினாவில் சுண்டல் சாப்பிடும் நமக்கு அந்த ஊர்களின் நினைவு வருவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

புதுச்சேரியில் இதே கதை நம் கண் முன்னால் நடந்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரத்துக் கடற்கரையில் மணலே இல்லாமல் போனது. கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று கல்லும் கூடவே நகர்ந்தது. அப்புறம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாகப் பாதிப்பு. ஒரு ஊரைக் காப்பாற்றப் போட்ட கல் அடுத்த ஊரின் மணலைப் பறித்தது. அங்கே வீடு விழுந்ததும் அவர்களும் கல் கேட்டார்கள். கேட்டவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். வீட்டு வாசலில் அலை நிற்கும்போது வேறு எதைக் கேட்பார்கள்?

கல் கொட்டிய கரையில் என்ன நடக்கிறது என்பதையும் உங்கள் செய்தியாளர் போய்ப் பார்க்க வேண்டும். மணல் சரிவில் ஏறும் அலை ஏற ஏற வலு இழக்கும். கல்லில் மோதும் அலை அந்த அளவுக்கு வலு குறையாமல் திரும்பி, கல்லின் அடியில் இருக்கும் மணலைத் தோண்டும். கல் சரிந்து இறங்கும், மேலே இன்னும் கொட்டுவார்கள். படகு ஏற்ற இடம் இருக்காது. கரைவலை இழுக்க முடியாது, வலை உலர்த்த முடியாது, கருவாடு காயவைக்கவும் இடமில்லை. ஜனவரியிலிருந்து முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் மணல் கிடையாது. வீடு தப்பலாம், தொழில் தப்புவதில்லை.

கல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் கல் போட்டது சரியான வேலை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய 1300 ஆண்டு பழைய கோயிலை நகர்த்தி வைக்க முடியாது. அங்கே அலை மட்டும் எதிரி இல்லை, காற்றும்தான். கடலைப் பார்த்த பக்கத்துச் சிலைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முகம் மழுங்கி, மூக்கும் விரலும் கரைந்து போயிருக்கும். காற்றில் வரும் உப்புநீர் கல்லின் நுண்துளைகளில் இறங்குகிறது. வெயிலில் நீர் ஆவியாகி உப்பு படிகமாக வளரும்போது கல்லை உள்ளிருந்து நெம்புகிறது. இப்படித்தான் துகள் துகளாக உதிர்கிறது. சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஐந்து ரதங்கள் வயதில் மூத்தவை, ஆனாலும் அவற்றின் செதுக்கல் இன்னும் தெளிவாக இருக்கிறது. தொல்லியல் துறை சிற்பங்களின் மேல் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுத்தது, காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டது. கருங்கல்லுக்கே இந்த நிலைமை என்றால், வெறும் செங்கல் வீட்டையும் தார்ச்சாலையையும் அலையின் பக்கத்தில் கட்ட அனுமதிப்பவர்கள் எதை நம்பி அனுமதிக்கிறார்கள்?

1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்திருக்கிறது. இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிபடுகிறது, தமிழ்நாட்டில் 40 சதவீதத்துக்கும் மேல். இதே காலத்தில் நாம் ஆற்று மணலையும் லாரி லாரியாக அள்ளினோம். மலையில் உதிர்ந்த மணலில் ஒரு பகுதி அணையில் தங்குகிறது, ஒரு பகுதி கட்டடமாகிறது, மிச்சமிருப்பதுதான் கடலுக்குப் போகிறது. அதையும் துறைமுகச் சுவர் மறிக்கிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் பம்பு வைத்து, தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக ஆற்றைத் தாண்டி வடக்குக் கடற்கரைகளுக்கு அனுப்புகிறார்கள். விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலை ராமகிருஷ்ணா கடற்கரையில் கொட்டுகிறார்கள். புதுச்சேரியிலேயே 2018இல் தலைமைச் செயலகம் அருகே நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை வைத்த பிறகு மணல் திரும்பச் சேர்ந்தது. திட்டு வைத்தாலும் மணல் வேறெங்கிருந்தோதான் வந்தாக வேண்டும் என்பதால், மறிக்கப்பட்ட மணலை ஆண்டுதோறும் சுவரைத் தாண்டி வடக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதே அடிப்படை வேலை என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஆகும் செலவு, சுவரைக் கட்டி லாபம் பார்ப்பவர்களின் செலவாக இருக்க வேண்டும். மீனவக் குடும்பம் வீட்டைக் கொடுத்து அந்தச் செலவை ஈடுகட்டக் கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு ஊரில் கடலரிப்பு என்று செய்தி வந்தால், கூடவே ஒரு சிறிய வரைபடம் போடுங்கள். அந்த ஊருக்குத் தெற்கே எந்தச் சுவர், எந்தத் தூண்டில் வளைவு, எந்தத் துறைமுகம் எந்த ஆண்டிலிருந்து நிற்கிறது என்று அதில் காட்டுங்கள். அந்த ஆண்டு எத்தனை கன மீட்டர் மணல் வடக்கே கொண்டு சேர்க்கப்பட்டது என்று அதிகாரிகளிடம் கேட்டு, கிடைத்த எண்ணை அப்படியே அச்சிடுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே அச்சிடுங்கள்.

அன்புடன்,
வாசகர்,
மரக்காணம்